விரிப்பை விரிக்கவே மனம் வருவதில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 43. யோகாசனத்தால் என்னென்ன நன்மைகள் என்று என்னைக் கேட்டால் பட்டியலே போட்டுவிடுவேன். இருந்தும் இருமுறை வகுப்பில் சேர்ந்து, இருமுறையும் சில வாரங்களில் நின்றுவிட்டேன். செய்து முடித்தபின் மனம் நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலையில் விரிப்பை எடுக்கவே தோன்றுவதில்லை. நல்லது என்று தெரிந்தும் செய்யாமல் இருக்கிறோமே என்று என்னையே நொந்துகொள்கிறேன். ஊக்கத்தை எங்கிருந்து பெறுவது?

பதில்: நீங்கள் போட்டு வைத்திருக்கும் பட்டியலை முதலில் ஒருமுறை பாருங்கள். அதிலுள்ள காரணங்களில் எத்தனை உங்களுடையவை, எத்தனை பிறர் சொல்லக் கேட்டவை? எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1980களில் வகுத்த சுயநிர்ணயக் கோட்பாடு, ஒருவர் ஒரு செயலைச் செய்கிறாரா இல்லையா என்பதைவிட எதற்காகச் செய்கிறார் என்பதையே முதன்மையாகக் கருதுகிறது. பிறரின் வற்புறுத்தலும் குற்ற உணர்வும் ஒருவரைத் தொடங்க வைக்கக்கூடும். நீடிக்க வைப்பது அரிது. தாமே மனமொப்பி ஏற்றுக்கொண்ட காரணமும், செய்யும்போதே கிடைக்கும் மகிழ்ச்சியுமே நெடுநாள் துணைவருகின்றன என்பதை உடற்பயிற்சி குறித்த ஆய்வுகள் பலவும் காட்டியிருக்கின்றன. ஆகவே, உங்களை நீங்களே நொந்துகொள்வது பயனற்றது என்பது மட்டுமன்று, பயிற்சிக்கே பகையாகவும் முடியும்; விரிப்பைப் பார்த்தாலே குற்ற உணர்வு எழுமானால், அதைக் கண்ணில் படாத இடத்தில் சுருட்டி வைக்கத்தான் மனம் விரும்பும்.

தடையை எல்லோரும் 'சோம்பல்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். யோக சூத்திரம் என்னும் பண்டைய நூலை இயற்றிய பதஞ்சலி அப்படிச் செய்யவில்லை. அந்நூலின் முதற்பாதத்தில், அதாவது முதல் அத்தியாயத்தில், 30ஆவது சூத்திரத்தில், பயிற்சியைக் குலைக்கும் தடைகள் ஒன்பதை அவர் வரிசைப்படுத்துகிறார்: நோய், மனத் தொய்வு, ஐயம், கவனக்குறைவு, சோம்பல், புலனின்பங்களை விடமுடியாமை, தவறான புரிதல், அடுத்த நிலையை எட்ட இயலாமை, எட்டிய நிலையில் நிற்க இயலாமை. சோம்பல் இவற்றுள் ஒன்றே ஒன்றுதான். இரவில் போதிய தூக்கமில்லாமல் காலையில் எழமுடியாதவருக்குத் தேவை உறக்கமே தவிர ஊக்கவுரை அன்று. 'இதனால் உண்மையிலேயே பயன் உண்டா' என்று உள்ளூர ஐயப்படுகிறவர் எத்தனை வகுப்புகள் மாறினாலும் அந்த ஐயம் கூடவே வரும். சில வாரங்களுக்குப் பிறகு முன்னேற்றமே தெரியவில்லை என்று சலிப்படைகிறவரின் தடை முற்றிலும் வேறு. நீங்கள் இருமுறையும் சில வாரங்களில் நின்றதைப் பார்த்தால், உங்கள் தடை இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

அதற்கு மருந்து உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. செய்து முடித்தபின் மனம் நிறைவாக இருப்பதாகப் போகிற போக்கில் எழுதிவிட்டு, அதைப் பொருட்படுத்தாமல் பட்டியலுக்குத் திரும்பிவிட்டீர்கள். இரத்த அழுத்தம் சிறிது குறைவதைப் பெரும்பாலும் உணர முடியாது. உடல் நெகிழ்வு கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். எடை குறைப்பு ஒரு காரணமாகவே வேண்டாம்; மென்மையான ஆசனங்களை மட்டும் செய்து, உணவில் மாற்றம் எதுவுமின்றி எடை பெரிதாகக் குறையும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள், அந்தப் பழியை யோகாவின் மேல் போடுகிறார்கள். ஆனால் மூச்சு நிதானப்பட்டிருப்பதும், கழுத்து இறுக்கம் தளர்ந்திருப்பதும், முன்பு எரிச்சலூட்டிய பேச்சு இன்று அவ்வளவாக உறுத்தாமல் போவதும் அன்றைக்கே தெரியும். பயிற்சியின் முடிவில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்திலிருந்து எழுந்ததும் அவற்றில் ஒன்றை ஒரே ஒரு வரியாகக் குறித்து வையுங்கள். எதுவும் தோன்றாத நாளில் 'ஒன்றுமில்லை' என்றே எழுதலாம். ஒரு மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் படிக்கும்போது, அடிக்கடி வந்திருக்கும் ஒன்று கண்ணில் படும். அதுதான் உங்களுக்கான காரணம். சிலருக்கு அது உறக்கமாக இருக்கும், சிலருக்கு வீட்டில் யாரும் அழைக்காத அரைமணி நேரமாக இருக்கும். அது உயர்ந்த காரணமாக இருக்கவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

கேள்வி: தனியாகப் பயிற்சி செய்கிறேன். ஒருநாள் தவறினால் அந்த வாரமே போய்விடுகிறது. ஒரு செயலை 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அந்த 21 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய முடிவு ஒன்றும் அதில் உண்டு: இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படவில்லை. வாரத்தைக் கெடுப்பது தவறிய நாளன்று. 'இனி திங்கட்கிழமை புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம்' என்று மறுநாள் நாம் எடுக்கும் முடிவுதான்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட, ஏற்கெனவே நாள்தோறும் செய்யும் ஒரு செயலோடு கட்டுவது எளிது. 'பல் துலக்கியதும் விரிப்பில் நிற்பேன்' என்பது போல, எப்போது, எங்கே, எதைச் செய்வது என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்பவர்கள் வெறுமனே 'செய்யவேண்டும்' என்று எண்ணுபவர்களைவிடக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் தம் ஆய்வுகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார். அத்துடன், மிக மோசமான நாளுக்கென்று ஒரு சிறிய அளவையும் வைத்துக்கொள்ளுங்கள்: நேராக நிமிர்ந்து நிற்கும் தாடாசனத்தில் சில மூச்சுகள், பிறகு படுத்து ஓய்வு. மனம் இருந்தால் மேலே தொடரலாம். இல்லையென்றால் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது, குறை ஏதுமில்லை.

கேள்வி: எனக்கு வயது 68. காணொளிகளில் வருபவர்கள் வளைவதைப் பார்த்தாலே மனம் சோர்ந்துவிடுகிறது. முழங்கால் வலியும் உண்டு. இனித் தொடங்குவதில் பொருள் உண்டா?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். அந்தக் காணொளிகளை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்பதற்கு மேல் அதன் வடிவத்தைப் பற்றிப் பதஞ்சலி எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. 1888 முதல் 1989 வரை வாழ்ந்த யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார், பிற்காலத்தில் மாணவரின் வயது, உடல்நிலை, தேவை ஆகியவற்றுக்கு ஏற்பப் பயிற்சியையே மாற்றி அமைத்துக் கற்பித்தார். கால்களை மடித்துக் குதிகால்கள் மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் அமர முழங்கால் இடம் தராவிட்டால் நாற்காலியில் அமர்ந்தபடி கைகளை உயர்த்துவதும், முதுகை மெல்லத் திருப்புவதும், மூச்சுப் பயிற்சியும் போதும். நேரில் ஓர் ஆசிரியரிடம் சில வகுப்புகளாவது சென்று, உயர் இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், முன்பு நடந்த அறுவை சிகிச்சை எதுவாயினும் முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். குறிப்பாகக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் சிரசாசனம் போன்ற தலைகீழ் நிலைகளைத் தவிர்க்கவேண்டும், ஏனெனில் அவை கண்ணுக்குள் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. முழங்கால் வலிக்கான காரணத்தை மருத்துவர் ஒருவரிடம் தெரிந்துகொண்டபின் வகுப்பில் சேர்வது நல்லது. எந்த அசைவுகளைத் தவிர்க்கவேண்டும் என்பதை அதைக் கொண்டுதான் ஆசிரியரால் முடிவுசெய்ய இயலும்.