கொழுப்பை எரித்துத் துடிக்கிற இதயத்துக்கு அதே கொழுப்பு ஏன் கேடாகிறது?

இதயத்தின் சக்தியில் பாதிக்கு மேல், கொழுப்பு உடைந்து வரும் கொழுப்பமிலத்தில் இருந்துதான் வருகிறது. அப்படியிருக்க, ஆய்வக எலிகளில் கொழுப்பு கூடினால் இதயம் ஏன் தளர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கிற காலத்தில் எலி இதயத்தோடு வேலை செய்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எலியின் இதயம் ஏறக்குறைய ஒரு கிராம்தான். அதன் பெருநாடியில் மெல்லிய குழாயைச் செருகி நூலால் கட்டித் தொங்கவிட்டு, ஒட்சிசன் ஏற்றிய உப்புக் கரைசலை 37 பாகைச் சூட்டில் விட்டால், உடலே இல்லாமல் அது திரும்பவும் துடிக்கத் தொடங்கும். 1895இல் லாங்கென்டோர்ஃப் என்ற ஜெர்மன் உடலியலாளர் காட்டிய முறை இது. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. குளுக்கோஸ் மட்டும் கொடுத்தாலும் துடிக்கும். கொழுப்பமிலம் நீரில் கரையாது, அல்புமின் என்ற இரத்தப் புரதத்தோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதற்குள் வாயுவை விட்டால் பால் மாதிரி நுரைத்துப் பொங்கும், பெரிய கரைச்சல். ஆனால் அது உள்ளே போனதும் இதயம் குளுக்கோஸ் எரிப்பதைக் குறைத்துவிடும். ரேண்டில் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1963இல் விளக்கிய, கொழுப்புக்கும் குளுக்கோசுக்கும் இடையிலான போட்டி இதுதான்.

சரி, கேடு எங்கே? கொழுப்பமிலம் நிறையச் சக்தி தரும், ஆனால் ஒட்சிசனையும் நிறையக் கேட்கும். ஒரே அளவு ஒட்சிசனுக்குக் குளுக்கோஸை விடப் பத்து வீதம் போலக் குறைவாகத்தான் சக்தி கிடைக்கும். காற்றோட்டம் உள்ள அடுப்பில் அது பெரிய விஷயமில்லை. இரத்த ஓட்டம் குறைந்த இதயத்தில் அதுவே பெரிய விஷயம்.

இன்னொன்று, வரவு எரிப்பை மிஞ்சுவது. கொழுப்பு எரிப்பைத் தூண்டும் பிபிஏஆர் ஆல்பா என்ற மரபணுவை இதயத்தில் மட்டும் கூட்டிவிட்ட சுண்டெலிகள் கொழுப்பை வழமையை விட அதிகம் எரித்தன. ஆனாலும் உள்ளே இழுத்தது அதையும் மிஞ்சியது. தசையில் கொழுப்புத் துளிகள் தேங்கி, நீரிழிவுக்காரரின் இதயம் மாதிரியே அது தளர்ந்தது. அதற்காகக் கொழுப்பு எரிப்பை முழுதாக நிறுத்துவதும் சரிவராது. அதற்கான நொதி இல்லாத சுண்டெலிகளுக்கும் இதயம் பழுதாகிறது.

எங்கள் வீட்டில் இது வெறும் பாடமாக இருக்கவில்லை. திருநெல்வேலிச் சந்தைக்கு நடந்தால் அப்பாவுக்கு நெஞ்சு இறுக்கும். ட்ரைமெட்டசிடின் எழுதிக் கொடுத்தார்கள். இதயம் கொழுப்பை எரிப்பதைக் கொஞ்சம் தடுத்துக் குளுக்கோஸ் பக்கம் திருப்பும் என்று 2000இல் எலி இதயத்தில் காட்டப்பட்ட மருந்து அது. ஆய்வாளர்களில் சிலர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இரத்தத்தில் உள்ள கொழுப்பைக் குறைப்பது அதன் வேலை இல்லை, அதற்கு ஸ்டாட்டின் என்ற குளிசையும் அப்பாவுக்குத் தனியாக இருந்தது. "இரண்டும் கொழுப்புக் குளிசைதானே தம்பி" என்று அப்பா ஒன்றை நிறுத்திவிட்டார். இப்போது இரண்டு பெட்டியிலும் எது எதற்கென்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.