தோழிக்குக் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. நண்பர்கள் நாங்கள் நான்கு பேர் உதவ நினைக்கிறோம். அடிக்கடி போனால் தொந்தரவாகிவிடுமா?

தொந்தரவாகாது. போங்கள். குழந்தையைப் பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் இதற்குள் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் உங்கள் தோழியைப் பார்க்கப் போங்கள். இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஆறு வருடத்துக்கு முந்தைய நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

என் மகள் சிசேரியனில் பிறந்தாள். முதல் இரண்டு வாரம் வீடு நிறைய ஆட்கள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகவும் எழுந்து உட்கார்ந்தேன். தூங்குகிற குழந்தையை வாங்கிக் கொஞ்சுவார்கள், அழுதால் என்னிடம் கொடுத்துவிடுவார்கள். குறை சொல்லவில்லை, பிரியத்தோடு வந்தவர்கள்தான். மூன்றாவது வாரத்தில் வரத்து குறைந்தது. ஐந்தாவது வாரத்தில் யாருமே இல்லை. என் அம்மா அப்போது அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தார். கணவர் என்ன செய்தார் என்று யாராவது கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரவில் பாதி நேரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் அவர். அவருக்குக் கிடைத்தது பத்து நாள் விடுப்பு. அதற்குப் பிறகு காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் இரவு எட்டு மணி வரை நானும் குழந்தையும் மட்டும்தான்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் அரை மணி, முக்கால் மணி. ஏப்பம் வரவைத்து, துணி மாற்றி, தூங்கவைத்து நிமிர்ந்தால் அடுத்த பாலுக்கு ஒரு மணி நேரம் இருந்தாலே அதிர்ஷ்டம். ‘குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு’ என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், துவைத்ததைக் காயப்போட வேண்டும்.

குழந்தை பிறந்த முதல் 24 மணி நேரத்திலும், பிறகு 48 முதல் 72 மணி நேரத்துக்குள்ளும், 7 முதல் 14 நாளுக்குள்ளும், ஆறாவது வாரத்திலும் தாயையும் சேயையும் மருத்துவப் பணியாளர்கள் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அட்டவணை ஆறாவது வாரத்தோடு முடிகிறது. எனக்கு மனம் சோர ஆரம்பித்ததே ஏழாவது வாரத்தில்தான்.

அந்த வாரம் ஒருநாள் மழை பெய்தது. பால்கனிக் கொடியில் குழந்தைத் துணிகள் நனைந்துகொண்டிருந்தன. பார்த்தேன், எழுந்து எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மேல்மாடியில் ஓர் அக்கா இருந்தார், லிஃப்டில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். இரண்டு நாளாகத் துணி அப்படியே தொங்குவதை மேலிருந்து கவனித்திருக்கிறார். மூன்றாம் நாள் வந்து மணி அடித்தார். குழந்தையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “நேத்து ராத்திரி எவ்வளவு நேரம்மா தூங்கினே?” என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மதியம் மூன்று மணிக்கு வருவார், ஐந்து மணிக்குப் போவார். நான் கூப்பிட வேண்டியதில்லை. வந்ததும் கை கழுவிக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொள்வார், அல்லது குழந்தை என்னிடம் இருந்தால் பாத்திரம் கழுவுவார். அறிவுரை சொன்னதே இல்லை. ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்று அதற்கு முன் இருபது பேராவது சொல்லியிருப்பார்கள், மனதாரத்தான் சொன்னார்கள். ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்து, யாரைக் கேட்பது என்று யோசித்து, அவர்களுக்கு என்ன வேலை இருக்குமோ என்று கூச்சப்பட்டு, அந்த நிலைமையில் எனக்கு அது முடியவில்லை. அக்கா அந்தப் பாரத்தை என்மேல் வைக்கவில்லை.

வர ஆரம்பித்த இரண்டாவது வாரம் அவர் ஒன்றைக் கவனித்தார். குழந்தை அவர் மடியில் நன்றாகத் தூங்குகிறது, நான் அடுத்த அறையில் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். “தூங்க நேரம் கிடைச்சும் தூக்கம் வரலைன்னா டாக்டர்கிட்ட கேட்கணும், வா போகலாம்” என்று கூட வந்தார். பிரசவமான முதல் நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, அது இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்காமல் தொடர்ந்தால், அல்லது பிறகு புதிதாக ஆரம்பித்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவர் பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். எடின்பரோவில் உருவாகி 1987இல் வெளிவந்த கேள்வித்தாள், இன்றும் பல நாடுகளில் அதைத்தான் கொடுக்கிறார்கள். கடந்த 7 நாட்களில் எப்படி இருந்தாய் என்று கேட்கும். ஒன்பது கேள்விகளுக்கு மளமளவென்று குறியிட்டேன். உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்ற பத்தாவதில் பேனா நின்றது. வெளியே அக்கா என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் சத்தம் கேட்டது. உண்மையான பதிலைக் குறித்தேன்.

பக்கத்து வீட்டு அன்பால் குணமாகிவிட்டேன் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகிச்சை எடுத்தேன், அதனால் சரியானேன். ஆனால் சிகிச்சை வரை என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த மூன்று மணி மணியோசை. மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகமுள்ள 701 தாய்மார்களை வைத்துக் கனடாவில் செய்த ஓர் ஆய்வு 2009இல் வந்தது. அவர்களில் ஒரு பகுதியினரிடம் ஏற்கெனவே இந்தச் சோர்விலிருந்து மீண்ட சாதாரணத் தாய்மார்கள் போனில் பேசி வந்தார்கள். பேசியவர்களுக்குக் கொடுத்த பயிற்சி வெறும் நான்கு மணி நேரம். பிரசவமாகி 12 வாரம் ஆனபோது பார்த்ததில், அப்படிப் பேச ஆள் கிடைத்தவர்களில் 14 சதவீதம் பேருக்கும், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 25 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தன. போன் பேச்சுக்கே இவ்வளவு.

‘அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளை பெற்றவர்கள் இப்படியா புலம்பினார்கள்’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். அவர்களைச் சுற்றி எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும், எத்தனை பேர் சொல்லாமலே மனதுக்குள் வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எங்கள் குடியிருப்பில் அந்த நேரத்தில் லிஃப்ட் பழுதாகி மூன்று மாதம் கிடந்தது. நாங்கள் நான்காவது மாடி. சங்கத்தில் போய்க் கேட்டால் “நாலு மாடிதானே, நடந்தா உடம்புக்கு நல்லது” என்று பதில் வந்தது. வயிற்றைக் கிழித்துத் தைத்த ஒருத்தி குழந்தையோடு எத்தனை தடவை ஏறி இறங்குவாள்? முழங்கால் வலியுள்ள முதியவர்களும் அந்தப் படிகளில்தான் ஏறினார்கள். அக்காவும் அப்போது ஐந்து மாடி ஏறிக்கொண்டிருந்தவர். பராமரிப்புப் பணம் மட்டும் ஒரு மாதம்கூடத் தள்ளவில்லை. இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது.

சரி, உங்கள் விஷயம். நான்கு பேர் இருப்பது பெரிய வசதி. ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் நான்கு பேரும் போகாதீர்கள். நாளும் நேரமும் மாறாமல் இருக்கட்டும், அவள் அந்த நேரத்தை நம்பி இருப்பாள். சளி, காய்ச்சல் இருந்தால் போகக் கூடாது, குழந்தையை முத்தமிடவும் வேண்டாம். வீடு கலைந்திருந்தால் பார்க்காதது போல இருங்கள். பால் கொடுப்பது பற்றி அவள் கேட்காமல் பேசாதீர்கள். அவளுடைய கணவரையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். அப்புறம், யாரும் வராமல் இருப்பதே நிம்மதி என்கிற பெண்களும் உண்டு. அவள் ‘இன்று வேண்டாம்’ என்றால் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அடுத்த வாரமும் அதே நாளில் போங்கள்.

கடுமையான தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் என்று எதைச் சொன்னாலும் அன்றைக்கே மருத்துவமனை. இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறது, காதில் கேட்கிறது என்றாலும், தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று சொன்னாலும், அவளைத் தனியாக விடாமல் உடனே கூட்டிப் போங்கள்.

இந்த வாரம் முதல் ஆள் யார் என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். ‘வியாழன் மூன்று மணிக்கு வருகிறேன், இரண்டு மணி நேரம் இருப்பேன், நீ தூங்கு, இதற்குப் பதில் போட வேண்டாம்’ என்று அவளுக்கு எழுதி அனுப்புங்கள். குறைந்தது ஆறு மாதம் விடாமல் போங்கள்.