கல்லூரி மூடுல் தளத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் பாடங்களை எப்படி அமைப்பது?

ஈரோட்டுப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில், பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் நடத்த உதவும் மூடுல் தளத்தின் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு மாணவர்களின் மதிப்பெண்கள் உள்ள பாடப்பக்கத்திலேயே புதிய மாணவர்களையும் சேர்ப்பதா, ரீசெட் செய்து பழையதை அழித்துவிட்டுத் தொடங்குவதா என்பது உங்கள் கேள்வி. கோவைப் பகுதிக் கல்லூரி ஒன்றில் இதே வேலையைப் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டுமே வேண்டாம்.

ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர் எவரும் சேராத மூலப்பக்கம் ஒன்றை மறைத்து வைத்துக்கொள்ளுங்கள். குறிப்புகள், ஒப்படைப்புகள், வினா வங்கி ஆகியவற்றை ஆசிரியர் திருத்துவதும் சேர்ப்பதும் அங்கேதான் நடக்க வேண்டும். பருவம் தொடங்கும்போது அதிலிருந்து ஒரு நகல் எடுத்து, அதில்தான் மாணவர்களைச் சேர்க்க வேண்டும். 3.9 பதிப்பிலிருந்து நகலெடுக்கும் வசதி மூடுலிலேயே இருப்பதால் இதற்குப் பெரிய உழைப்பு தேவையில்லை. ஒரு மாணவர் வினாடி வினாவை எழுதத் தொடங்கிவிட்டாலே அதில் வினாக்களைச் சேர்க்கவோ நீக்கவோ மூடுல் அனுமதிக்காது. பழைய பக்கத்தையே ஆண்டுதோறும் ஓட்டுபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். ரீசெட் செய்தாலோ, மாணவர்களின் விடைகளும் மதிப்பெண்களும் போய்விடும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வுக்காக ஐந்தாண்டுச் சான்றுகளைத் திரட்டும் வேளையில் அவற்றின் அருமை துறைத்தலைவர்களுக்குத் தெரியும்.

நகலின் குறும்பெயர் தளத்தில் வேறெங்கும் இருக்கக்கூடாது என்பது மூடுலின் விதி. பாடக் குறியீடு, கல்வியாண்டு, ஒற்றைப்படைப் பருவமா இரட்டைப்படைப் பருவமா, பிரிவு என்று ஒரே வரிசையில் பெயரிட்டால் பிறகு தேடுவதும் எளிது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது மாணவர் குழுக்களை, அதாவது கோஹார்ட்டுகளை, பற்றி. “இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல்” என்று குழுவுக்குப் பெயர் வைக்காதீர்கள். “2024 சேர்க்கை, கணினி அறிவியல்” என்று வையுங்கள். முதல் வகைப் பெயர் என்றால் ஆண்டுதோறும் பழையவர்களை வெளியேற்றிப் புதியவர்களை உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும். குழுவைப் பாடத்தோடு இணைத்திருக்கும் நிலையில் ஒருவரைக் குழுவிலிருந்து எடுத்தால், இயல்பான அமைப்பின்படி அவர் அந்தப் பாடத்திலிருந்தும் நீங்கிவிடுவார். ஆசிரியரின் மதிப்பெண் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. சேர்ந்த ஆண்டைக் கொண்டு பெயரிட்ட குழுவை நான்கு ஆண்டுகளும் தொட வேண்டியதில்லை. பாதுகாப்புக்காக, நிர்வாக அமைப்பில் “நீக்கு” என்பதற்குப் பதிலாகச் சேர்க்கையை முடக்கும் தெரிவையும் வைத்துவிடுங்கள். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி மாணவர்களை உடன் படிக்கும் வகுப்பின் குழுவில் மறக்காமல் சேர்க்க வேண்டும்; முதல் வாரத்தில் “எனக்குப் பாடமே தெரியவில்லைங்க சார்” என்று வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

மாணவர் பட்டியலை எக்செல்லில் தயாரித்து ஏற்றும்போது, யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்ற வகையில் சேமியுங்கள். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழில் எழுதிய பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக வந்து சேரும்.

இனி மாணவர் பக்கம். தாளவாடி, பர்கூர் மலைப்பகுதிகளிலிருந்து வருபவர்களும், மாலையில் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைப்பேசிதான் கணினி. நோட்டில் எழுதிய விடையைப் படமெடுத்து ஏற்றுவார்கள். மூடுல் இயங்கப் பயன்படும் பிஎச்பி மென்பொருளின் இயல்பான பதிவேற்ற வரம்போ 2 எம்பிதான். சர்வரில் அந்த வரம்பையும், அதனுடன், ஒரே முறையில் அனுப்பும் மொத்தத் தரவுக்கு 8 எம்பியாக இருக்கும் போஸ்ட் வரம்பையும் சேர்த்து உயர்த்தாவிட்டால், ஒழுங்காக எழுதியவரும் ஒப்படைக்காதவர் கணக்கில் விழுவார். சிறிய தேர்வுகளை, மூடுல் செயலியில் இணையம் இல்லாமலும் எழுத அனுமதிக்கும்படி அமைக்கலாம். ஒருவருக்கு மட்டும் அவகாசம் தர வேண்டுமென்றால், எல்லோருக்குமான கெடுவை மாற்றாமல், அந்த மாணவருக்கென்று தனிக்கெடு கொடுக்கும் வசதி ஒப்படைப்பிலும் வினாடி வினாவிலும் உண்டு. துறை முழுவதும் ஒரே மணிக்குத் தேர்வு தொடங்கி சர்வர் திணறுவதைத் தவிர்க்கவும் இதே வசதி உதவும்: பாடப்பக்கத்துக்குள் மாணவர்களைச் சிறு குழுக்களாக (இவை கோஹார்ட் அல்ல, க்ரூப்) பிரித்து, குழுவாரியாகப் பத்துப் பத்து நிமிடம் தள்ளித் தொடக்கநேரம் கொடுங்கள்.

பருவம் முடிந்ததும் நகல் பக்கத்தை அழிக்காமல், முடிவுத் தேதியிட்டு, மாணவர் தரவுகளோடு, மூடுலின் காப்புப்படி வடிவமான எம்பிஇசட் கோப்பாகக் காப்புப்படி எடுத்து வேறொரு கணினியில் வையுங்கள். தேர்வு முடிவுகள் வெளியாகி, மறுமதிப்பீட்டு விண்ணப்பங்களும் தீர்ந்த பிறகே மாணவர் பார்வையிலிருந்து மறைக்கலாம். எடுத்த காப்புப்படிகளில் ஒன்றையாவது சோதனைத் தளத்தில் திரும்ப ஏற்றி, மதிப்பெண்கள் சரியாக வருகின்றனவா என்று பார்த்த பின்பே சர்வரில் இடத்தைக் காலி செய்யத் தொடங்குங்கள்.