கெண்டைச் சதையை எடுத்தால் மலை ஏற முடியுமா?

"மகன் ஓட்டிய ஆட்டோ கவிழ்ந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிகிறது. கெண்டைச் சதையைத் திருப்பி மூட வேண்டும் என்கிறார்கள். பிறகு அவனால் ஏற்றத்தில் நடக்க முடியுமா? தெரிந்தவர் ஒருவர், தோல் ஒட்டினாலே போதும், 3 லட்சம் ரூபாய்க்குத் தனியாரில் செய்து தருகிறேன் என்கிறார்."
– ஒரு தாய், அட்டன்

நடப்பான் அம்மா. கெண்டைக்காலின் மேற்சதைக்கு இரண்டு தலைகள். இந்த இடத்துக்குப் பெரும்பாலும் உள்பக்கத் தலையை மட்டும்தான் எடுப்பார்கள். மற்றத் தலையும் அடியிலுள்ள தட்டைச் சதையும் குதிகாலைத் தூக்கப் போதும். நாள் எடுப்பது எலும்பு பொருந்தத்தான்.

சரி, வெறும் தோல் ஏன் போதாது? ஒட்டிய தோல் அடியில் இருப்பதிலிருந்து இரத்தம் எடுத்துத்தான் பிழைக்கும். மேலுறை உரிந்து வெள்ளையாகத் தெரியும் எலும்பில் அது பிடிக்காது, கறுத்துப்போகும். சதைக்கு முழங்காலின் பின்னாலிருந்து சொந்த இரத்தக் குழாய் வருகிறது. அதை வெட்டாமல், கீழ்முனையை மட்டும் கழற்றித் திருப்பி, அதன் மேல் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலை ஒட்டுவார்கள். உங்கள் 'தெரிந்தவர்' பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டார்.

வார்ட் வாசலில் நோயாளியின் டிக்கட்டை, அதாவது சிகிச்சை விவரம் எழுதிய தாளை, வாங்கிப் புரட்டி, "இங்கே திகதி கிடைக்காது" என்று பயம் காட்டும் ஆட்களை எனக்குத் தெரியும். அரச வைத்தியசாலையில் இந்தச் சத்திரசிகிச்சை இலவசம். அட்வான்ஸ் என்று ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எண்ணெய்க் கட்டுப் போடுகிறவரிடமும் போகாதீர்கள். திறந்த எலும்பில் கிருமி ஏறினால் காலே போகலாம். இவர்கள் பிழைப்பதற்கு வைத்தியசாலையில் இருக்கும் நாங்களும்தான் காரணம். கண்டிப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பும் ஒரு கடிதத்தில் கையெழுத்து விழ நாள்கணக்கில் காத்திருக்க வைக்கிறோம். எலும்பு காத்திருக்குமா? கண்டிக்கு எப்போது அனுப்புவீர்கள் என்று தினமும் கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

காயம் எவ்வளவு தூரம் கீழே இறங்கியிருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மூன்று பங்காகப் பிரித்துப் பாருங்கள். மேல் பங்குக்கு நான் சொன்ன சதை. நடுப் பங்குக்கு அடியிலுள்ள தட்டைச் சதை. கடைசிப் பங்குக்குப் பொதுவாக இரண்டுமே எட்டாது. அங்கே பெரிய காயம் என்றால் முதுகிலிருந்தோ தொடையிலிருந்தோ சதையை முழுதாக எடுத்து வந்து, நுணுக்குக்காட்டியில் பார்த்துக் குழாயோடு குழாய் தைக்க வேண்டியிருக்கும். பல மணி நேர வேலை, எல்லா இடத்திலும் செய்ய மாட்டார்கள். அப்படியானால் திகதி தள்ளிப்போவதற்கு நியாயம் உண்டு. நீங்கள் எழுதியிருப்பது மேல் பங்கு.

அப்புறம், பீடி, சிகரெட் ஒன்றுகூடக் கூடாது. பார்க்க வரும் கூட்டாளிமார் களவாகக் கொடுப்பார்கள், சட்டைப் பையைப் பாருங்கள்.