தொழிலிலும் தலைமைப் பொறுப்பிலும் இருக்கும் பெண்களைப் பற்றி நிலவும் தவறான எண்ணங்கள் என்னென்ன? உங்கள் அனுபவத்தில் பார்த்தது என்ன?

ஈரோட்டில் பத்தொன்பது வருடமாகச் சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி., வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். ஊரில் என்னை ஆடிட்டர் என்பார்கள். நான் ஆடிட்டர் இல்லை, வரி ஆலோசகர். திருத்திச் சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன். புதிதாக வருகிற பலர் கதவைத் திறந்ததும் என்னைத் தாண்டிப் போய், உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் இருபத்து மூன்று வயதுப் பையனிடம் "சார், ஒரு ரிட்டர்ன் போடணுங்க" என்பார்கள். அவன் என்னிடம் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இந்த மாதிரிக் கதை வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் பத்து கிடைக்கும். அதை விட்டுவிட்டு, கணக்குப் புத்தகத்தில் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

"பொம்பளை பேர்ல இருக்கற கம்பெனியெல்லாம் சும்மா பேருக்குத்தானுங்க, நடத்தறதெல்லாம் வீட்டுக்காரருதான்." இதை எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மையும்கூட. விற்றுமுதலை இரண்டாகப் பிரித்துக் காட்ட, மானியம் வாங்க என்று மனைவி பெயரில் பதிவு போடுவது இங்கே சகஜம். கணவருக்கு சிபில் மதிப்பெண் கெட்டு, கடன் கிடைக்காமல் போனால் மறுநாளே மனைவி தொழில்முனைவோர் ஆகிவிடுவார். கையெழுத்துப் போட மட்டும் அலுவலகத்துக்கு வந்து, எந்தத் தாளில் போடுகிறோம் என்று தெரியாமலேயே போட்டுவிட்டுப் போகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதன் மறுபக்கத்தை யாரும் பேசுவதில்லை. பெயர் கணவருடையது, நடத்துவது மனைவி. அப்படிப்பட்ட நிறுவனங்கள் என் அலமாரியிலேயே நிறைய இருக்கின்றன. ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நைட்டி தைத்து விற்கிற நிறுவனம். துணி வாங்குவது, திங்கட்கிழமை ராத்திரி ஜவுளிச் சந்தையில் கடை போட்டு உட்காருவது, இது கணவர் வேலை. மற்றதெல்லாம் அந்த அக்கா. எந்த அளவில் எத்தனை பீஸ் என்று கட்டிங் மாஸ்டருக்குச் சொல்வது, வீட்டிலிருந்தே தைக்கிற முப்பது பெண்களுக்குத் துணி பிரித்துக் கொடுத்துப் பீஸ் ரேட் கணக்கை சனிக்கிழமை முடிப்பது, பாலக்காட்டுப் பார்ட்டிக்கு இன்னும் கடன் கொடுக்கலாமா, நிறுத்த வேண்டுமா என்று முடிவெடுப்பது. நான் அவருக்குப் போன் போட்டு "போன மாச பர்ச்சேஸ் பில் ஒண்ணு குறையுதுங்களே" என்றால், "ஒரு நிமிசமுங்க மேடம்" என்று போனை அக்காவிடம் கொடுத்துவிடுவார். நல்ல மனிதர். ஒளிவுமறைவு கிடையாது.

அந்த நிறுவனத்தின் லெட்ஜரை வருடக்கணக்காக எழுதியவள் நான். அதில் அக்கா பெயர் ஒரு வரியில்கூட இல்லை. ஒரு முறை, சம்பளம் என்று ஒரு தொகை காட்டலாமே என்று யோசித்தேன். வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதி குறுக்கே நின்றது. ஒருவர் தன் நிறுவனத்திலிருந்து மனைவிக்கோ கணவருக்கோ சம்பளம் கொடுத்தால், அதை வாங்குகிறவரிடம் தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அந்தத் தகுதியால்தான் அந்த வருமானம் வந்தது என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தவரின் வருமானத்தோடேயே சேர்த்துவிடுவார்கள். வரியைப் பிரித்து ஏய்ப்பதைத் தடுக்க வந்த விதி, இருபாலருக்கும் பொதுவானது, குறை சொல்ல முடியாது. ஆனால் அக்கா எட்டாம் வகுப்பு. பாலக்காட்டுப் பார்ட்டி எப்போது செக் கொடுத்து ஏமாற்றுவான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு எந்தப் பல்கலைக்கழகம் சான்றிதழ் கொடுக்கிறது? வரியில் மிச்சம் ஒன்றும் ஆகாது என்பதால் அந்தப் பத்தியைப் பூஜ்யமாகவே விட்டேன். சம்பளம் காட்டி அவர் வருமானத்தோடேயே சேர்த்திருந்தாலும், அவள் வேலை செய்தாள் என்பதற்கு ஒரு எழுத்து இருந்திருக்கும் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

2023 ஆகஸ்டில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். துக்கத்துக்குப் போயிருந்தபோது என் காதில் விழுந்தது ஒரே பேச்சுதான்: "பாவம், இனி இதையெல்லாம் இவ எப்படி நடத்தப் போறாளோ." செப்டம்பர் மாத ரிட்டர்னை நான்தான் போட்டேன். விற்பனை ஆகஸ்டைவிடக் கொஞ்சம் கூடுதல். தீபாவளிச் சரக்கு போகிற மாதம், அதனால் கூடுதல். வேறு ஒரு மாற்றமும் புத்தகத்தில் தெரியவில்லை. சந்தையில் உட்கார மட்டும் தம்பி முறையில் ஒரு பையனை வைத்துக்கொண்டார்.

தனிநபர் நிறுவனம் என்பதால் பழைய ஜி.எஸ்.டி. பதிவை முடித்து, அக்கா பெயரில் புதிதாக எடுத்து, சரக்கு வாங்கும்போது கட்டி இன்னும் கழிக்காமல் இருப்பிலிருந்த வரி வரவை ஐ.டி.சி. 02 படிவம் வழியாக மாற்றினேன். சிறு தொழில்களுக்கான உதயம் பதிவும் புதிது. அன்றைக்கு அரசாங்கக் கணக்கில் ஒரு "புதிய பெண் தொழில்முனைவோர்" உருவானார். வங்கியில் சி.சி. லிமிட், அதாவது தொழிலுக்கு வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பு, கேட்டுப் போனோம். படிவத்தில் ஒரு கட்டம்: தொழிலில் எத்தனை ஆண்டு அனுபவம்? அக்கா பதினேழு என்றார். மேலாளர் மரியாதையானவர்தான், காகிதத்தைப் புரட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "ரெக்கார்டுல ஒண்ணுமே இல்லீங்களே மேடம். கொழுந்தனாரு யாராச்சும் ஜாமீன் போடுவாங்களா?" ரெக்கார்டு எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

2015-16 தேசிய மாதிரி ஆய்வு, சிறு குறு தொழில்களில் தனிநபர் உடைமை நிறுவனங்களை எண்ணியபோது, பெண்களுடையது சுமார் 20 சதவீதம், ஆண்களுடையது 80 சதவீதம் என்று வந்தது. எண்ணியது உடைமையாளரை. அந்த நாளில் இந்த நைட்டி நிறுவனம் 80-இல்தான் இருந்திருக்கும்.

அடுத்தது, "பெண்கள் துணிந்து முதல் போட மாட்டார்கள், இருக்கிற அளவிலேயே வைத்துக்கொள்வார்கள்" என்பது. இதை நம்பாதவர்களே குறைவு. இதற்கு ஒரு காலத்தில் ஆய்வு ஆதாரமும் இருந்தது. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் டி மெல், மெக்கென்சி, உட்ரஃப் என்ற மூன்று பொருளியலாளர்கள், மிகச் சிறிய தொழில் செய்கிறவர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் மானியமாகக் கொடுத்தார்கள், சிலருக்குப் பணமாக, சிலருக்குப் பொருளாக. ஆண்களின் லாபம் நன்றாகக் கூடியது. பெண்களுக்குச் சராசரியாக ஒன்றுமே கூடவில்லை. பெண்களுக்கு முதல் கொடுத்துப் பயனில்லை என்று அதைப் படித்தவர்கள் உண்டு.

2019-இல் பெர்ன்ஹார்ட், ஃபீல்டு, பாண்டே, ரிகோல் என்ற நால்வர் அதே தரவையும் இந்தியா, கானா ஆய்வுகளையும் எடுத்து, வீடு வீடாகப் பிரித்துப் பார்த்தார்கள். வீட்டில் அந்தப் பெண் மட்டும்தான் தொழில் செய்கிறாள் என்றால், அவள் லாபம் ஆணுடையதற்குக் குறையவில்லை. வீட்டில் இன்னொரு தொழிலும் இருந்தால், அவளுக்குக் கொடுத்த பணம் அங்கே போய்விடுகிறது. லாபம் வந்தது, வேறு புத்தகத்தில் வந்தது.

இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதைக் கண்டுபிடிக்கக் கானா வரை போக வேண்டாம், தொழிலிலிருந்து சொந்தச் செலவுக்கு எடுத்ததை எழுதும் டிராயிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் போதும். என்னிடம் மசாலாப் பொடி செய்கிற ஒரு பெண் இருக்கிறார். கணவரிடம் ஒரே ஒரு லாரி. பேக்கிங் மிஷின் வாங்கவென்று இவர் சேர்த்த பணம் மூன்று முறை கணக்கிலிருந்து மொத்தமாக வெளியேறியது. முதல் தடவை லாரி டியூ, இரண்டாவது எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) செலவு, மூன்றாவது டயர். நான் கோபப்பட்டுக் கேட்டேன். அவர் சொன்ன பதிலுக்கு என்னிடம் மறுபதில் இல்லை: "லாரிய ஃபைனான்ஸ்காரன் தூக்கிட்டுப் போனா தெருவே வேடிக்கை பாக்குமுங்க. மிஷினு வாங்கலீன்னா யாருக்குத் தெரியப் போகுது?" அந்த வீட்டில் பெரிய ரிஸ்க் எடுத்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் லாரி வைத்திருப்பவர் துணிச்சல்காரர், இவர் பத்து வருடமாகக் கையால் கவரை ஒட்டிக்கொண்டிருக்கிற பயந்தாங்கொள்ளி.

"பெண்களுக்குத்தான் இப்போ கடன் ஈசியாக் கிடைக்குதே" என்பார்கள். சின்னக் கடன், ஆமாம். அரசின் சிறுதொழில் கடன் திட்டமான முத்ராவின் கணக்குகளில் மூன்றில் இரண்டுக்கு மேல் பெண்கள் பெயரில்தான். 1989-இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியதிலிருந்து பெண்களுக்குக் கடன் கொடுத்து வாங்கிப் பழகிய ஊர் நம்முடையது. அதில் ஒரு பக்கவிளைவு உண்டு. பெண் என்றாலே குழுக் கடன் என்று ஆகிவிட்டது. எம்பிராய்டரி மிஷினுக்கு 25 லட்சம் கேட்டுப் போன ஒருவரிடம் "எந்தக் குழுவுல இருக்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை, கிளைக்கு ஒரு பெண்ணுக்காவது கொடுக்க வேண்டும் என்று ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் 2016-இல் வந்தது. நாங்கள் போன கிளையில் அதை நாங்கள்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

தலைமைப் பதவி பற்றி எனக்கு நேரடி அனுபவம் குறைவு, சுருக்கமாக முடிக்கிறேன். ஊராட்சித் தலைவர் பெண், ஆனால் "தலைவர்" என்று எல்லோரும் கூப்பிடுவது அவர் கணவரை. இதைக் காட்டி இடஒதுக்கீடே வீண் என்பார்கள். மேற்கு வங்கக் கிராமங்களை வைத்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தொடர்ந்து இரண்டு தேர்தல்களில் தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஊர்களில், அடுத்து ஒதுக்கீடு இல்லாத இடங்களிலும் பெண்கள் கூடுதலாக நின்று ஜெயித்தார்கள். ஒரு தடவையில் முடிகிற காரியமில்லை போலிருக்கிறது. தமிழ்நாட்டில் பாதி இடம் என்று சட்டம் வந்ததே 2016-இல்தான். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள், பெரிய பொதுக் கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது வேண்டும் என்று 2013 சட்டம் சொன்னபோது பல இடங்களில் வீட்டுப் பெண்களையே உட்கார வைத்தார்கள். குடும்பத்துக்கு வெளியிலிருந்து சார்பற்ற ஒருவர் வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி முதல் 500 கம்பெனிகளுக்கு விதித்தது நடைமுறைக்கு வந்தது 2019-இல். இதற்கு நடுவில் "ஸ்டேட் பேங்கையே ஒரு அம்மா நடத்தலையா?" என்று யாராவது கேட்பார்கள். நடத்தினார், அருந்ததி பட்டாச்சார்யா, 2013 முதல் 2017 வரை. அவருக்கு முன்னால் இருந்தவர்களும் ஆண்கள், பின்னால் வந்தவர்களும் ஆண்கள்.

"பெண்ணுக்குப் பெண்ணே எதிரி" என்பதற்குப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை. ஆண் முதலாளி கத்தினால் வேலை டென்ஷன், பெண் கத்தினால் பொறாமை. அவ்வளவுதான் அந்தப் பழமொழி.

நைட்டி அக்கா போன மாதம் வந்திருந்தார். கடைசியில் ஜாமீன் இல்லாமலேயே, கொஞ்சம் குறைந்த தொகைக்கு, வேறொரு வங்கியில் லிமிட் கிடைத்து நன்றாகவே நடத்துகிறார். இப்போது கேரளப் பார்ட்டிகளுக்குச் சுடிதார் போட இரண்டாவது நிறுவனம் தொடங்கப் போகிறார். மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். மகள் பி.காம். முடித்துவிட்டு, டாலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுவது, பார்ட்டிகளிடம் மலையாளத்தில் பேசி வசூலிப்பது எல்லாம் அவள்தான்.

"பையன் பேர்லயே போட்டுருங்க மேடம்."

"பாப்பாதானுங்க எல்லாம் பாக்குது?"

"அவ கட்டிக்குடுத்தா போயிருவாள்ல. அப்பறம் மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கைக்குப் போயிருமுங்க."

அப்பா உயில் எழுதாமல் இறந்ததால் பழைய நிறுவனத்தின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு சட்டப்படி அந்த மகளுடையது. எல்லாவற்றையும் அம்மா பெயருக்கு மாற்றியபோது ஆட்சேபணை இல்லை என்று என் மேஜையில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டாள். அதை அக்காவுக்கு நினைவுபடுத்தினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார்.

மறுநாள் பையனின் ஆதாரும் பான் கார்டும் வாட்ஸ்அப்பில் வந்தன. அனுப்பியது மகள்.