சமுதாயக் கல்லூரியில் செவிலியர் படிப்பு

கேள்வி: நியூயார்க்கில் பள்ளி இறுதியாண்டு படிக்கும் என் மகள், செலவு குறைவு என்பதால், இரண்டாண்டுப் பட்டம் தரும் சமுதாயக் கல்லூரியில் (கம்யூனிட்டி காலேஜ்) செவிலியர் படிப்புப் படிக்க விரும்புகிறாள். அந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். 1952-இல் அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் மில்ட்ரெட் மான்டேக் தொடங்கிய திட்டத்தின் வழியே சமுதாயக் கல்லூரிகளில் வேரூன்றிய இந்த இரண்டாண்டு இணைப் பட்டத்தை (அசோசியேட் டிகிரி) முடிப்பவர்களும், நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர்களும் எழுதுவது என்.சி.எல்.இ.எக்ஸ்-ஆர்.என். என்னும் ஒரே உரிமத் தேர்வைத்தான்.

ஆனால் ‘இரண்டாண்டு’ என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களை நல்ல மதிப்பெண்ணுடன் முன்னதாகவே முடித்தவர்களுக்கே பல கல்லூரிகள் செவிலியர் பிரிவில் இடம் தருவதால், மூன்றாண்டு ஆவது சகஜம். கல்லூரியில் சேர்ந்துவிட்டாலே அந்தப் பிரிவில் இடம் உறுதி என்று எண்ணுவதுதான் பெற்றோர் பலர் கோட்டைவிடும் இடம். உடற்கூறியல் ஆய்வகத்தில் ஓர் எலும்பைக் கையில் கொடுத்து, அது இடப்பக்கத்துக்குரியதா வலப்பக்கத்துக்குரியதா என்று கேட்பார்கள். வெறும் மனப்பாடம் அங்கே செல்லாது.

மேலும், உங்கள் மாநிலத்தில் 2017-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, புதிதாக உரிமம் பெறும் செவிலியர்கள் பொதுவாக 10 ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டமும் பெற வேண்டும். ஆகவே, சமுதாயக் கல்லூரியில் படிக்கும் பாடங்களை எந்தெந்தப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்கின்றன என்பதைச் சேரும்போதே எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.