புத்தாக்கம் படிக்கப் போகலாமா? வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்கு அக்காவின் பதில்கள்

விவசாயம் படித்து, பிறகு வெளிநாட்டில் புத்தாக்கத்தில் பல்துறை முதுமாணி முடித்தவள் நான். இப்போது கிளிநொச்சியில் வேலை செய்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி: புத்தாக்கம் என்றால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதுதானே அக்கா? அதற்கு ஏன் ஒரு பட்டம்?

கண்டுபிடிப்பு வேறு, புத்தாக்கம் (innovation) வேறு தம்பி. புதிதாக ஒன்றைச் செய்வது கண்டுபிடிப்பு, அது ஆட்களின் பழக்கத்துக்கு வந்து பரவுவது புத்தாக்கம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எங்கள் ஆட்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டார்கள், ஜாம் போத்தலில் விளக்குச் செய்தார்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். மூளைக்கு இங்கே ஒருநாளும் பஞ்சமில்லை. ஒருவர் செய்ததை அடுத்த ஊர் எப்படிப் பழகியது, தடை போனதும் எது மறைந்தது, எது தங்கியது? இந்தத் துறை கேட்பது அதைத்தான். இப்படி இருப்பவற்றைப் புதுவிதமாகச் சேர்ப்பதைப் பற்றி சும்பீட்டர் என்ற பொருளியலாளர் 1911இலேயே எழுதிவிட்டார்.

முல்லைத்தீவுத் தங்கச்சி: வகுப்பில் என்னதான் படிப்பிப்பார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த பாடத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவின் அயோவாவில் கலப்பினச் சோள விதை வந்தபோது, ரயன், குரோஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 259 விவசாயிகளிடம் போய்க் கேட்டார்கள். 1943இல் வெளிவந்த ஆய்வு அது. விளைச்சல் நன்றாகக் கூடுகிற விதை, ஆனாலும் எல்லோரிடமும் போய்ச்சேரப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. விதை விற்பவர் சொல்லித்தான் பலர் முதலில் அறிந்தார்கள், நம்பியதோ பக்கத்துக் காணிக்காரரைப் பார்த்து. வாசித்தபோது எனக்கு எங்கள் அப்பாதான் நினைவுக்கு வந்தார். அயல் வயலில் ஒரு போகம் விளைந்ததைப் பார்க்காமல் அவர் எந்த நெல்லையும் மாற்றியதில்லை.

புதியது ஒன்று இப்படிப் பரவுவதைப் பொருளியல், சமூகவியல், பொறியியல், வடிவமைப்பு என்று நாலு பக்கத்திலிருந்தும் பார்க்கப் பழக்குவார்கள். எங்கள் குழு வேலை ஒரு நீர்ப்பம்பு பற்றியது. பொறியியல் மாணவர் ஓட்ட வேகத்தைக் கணக்கிட்டார், மானிடவியல் மாணவி "தண்ணீர் சுமப்பது யார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியால் முழு வடிவமைப்பையும் மாற்றினோம்.

அறிவியல்நகர் பொறியியல் மாணவர்: பல துறையைத் தொட்டு, எதிலும் ஆழமில்லாமல் போய்விடுமோ?

நியாயமான பயம். ஒரு துறையில் கால் ஊன்றிய பிறகு போனால் அது நடக்காது. உங்களுக்குப் பொறியியல் இருக்கிறது, சரி. கடினமாக இருக்கப்போவது நீண்ட கட்டுரை எழுதுவதுதான், இப்போதே பழகுங்கள்.

மாங்குளத்திலிருந்து ஒரு தகப்பன்: செலவு? வேலை?

ஐயா, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுமாணிகளுக்குப் புலமைப்பரிசில் உண்டு. பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசில் கேட்டால் இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்து நாடு திரும்பவும் வேண்டும். ஜேர்மனியின் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்குப் பணம் காட்டவேண்டும். வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன்: 'புத்தாக்கம்' என்ற பெயரில் இங்கே பதவி விளம்பரம் வராது. கூட்டுறவுச் சங்கம், அபிவிருத்தித் திட்டம், ஆராய்ச்சி, சொந்தத் தொழில் என்று பிள்ளை தானே வழி வெட்டவேண்டும்.

புதுக்குடியிருப்பு மாணவி: விண்ணப்பக் கடிதத்தில் என்ன எழுதுவது?

"உலகை மாற்ற ஆசை" என்று எழுதவேண்டாம் தங்கச்சி. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்வியைத் தேடுங்கள். கச்சான் உடைக்கும் மெசின் ஒன்று எங்காவது மூலையில் கிடக்கும், மாமி இன்னும் கையால்தான் உடைப்பா. ஏன் என்று மாமியிடமே கேளுங்கள். அவ சொன்னதை அப்படியே எழுதி அனுப்புங்கள், கடிதமாக்க நான் உதவுகிறேன்.